டாங்கோவின் இரண்டு காந்தாரங்கள்

கோத்தகிரி வாசகர் ஒருவர், தம் வீட்டுப் பழைய பியானோவை வழக்கத்திற்கு மாறான முறையில் சுருதி சேர்த்து, அர்ஜென்டினாவின் டாங்கோ இசையை வாசித்துப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். முன்பு வழக்கமான சுருதியில் செய்த பதிவைவிட இதில் சோகம் கனத்தும், அது விலகும் இடம் தெளிந்தும் கேட்பது மனப்பிரமையா என்பது அவர் கேள்வி. பிரமையன்று, அந்த வேறுபாட்டை எண்ணியே காட்டலாம்.

சட்ஜத்திலிருந்து ‘ப’ வரையான தூய பஞ்சமம், அதிர்வெண்களில் 3:2 என்ற விகிதம். அவ்வாறு 12 பஞ்சமங்கள் ஏறினால் 129.7 மடங்கு வருகிறது. அதே கட்டையில் சேர வேண்டிய 7 ஸ்தாயிகள், ஒவ்வொன்றும் இரு மடங்காக, ஏறினாலோ 128 மடங்குதான். இந்த மிச்சத்தை இன்றைய பியானோ 12 பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. வாசகர் தேர்ந்த முறை, இத்தாலியின் பதுவை நகரிலுள்ள புனித அந்தோணியார் பேராலயத்தில் 18-ஆம் நூற்றாண்டில் இசைப் பொறுப்பிலிருந்த வல்லோட்டியின் பெயரால் வழங்குவது. அது 6 பஞ்சமங்களின் மேல் மட்டும் மிச்சத்தை ஏற்றி, மற்ற ஆறையும் தூயனவாக விடுகிறது.

தம்புராவை மீட்டிக்கொண்டே கூர்ந்து கேட்டால், யாரும் பாடாத அந்தர காந்தாரம் தானாக எழும். அது சட்ஜத் தந்தியின் ஐந்தாவது கிளையதிர்வு, அதாவது தந்தியின் அடிப்படை அதிர்வைப் போல் ஐந்து மடங்கு விரைவாக உடன் எழும் அதிர்வு. பியானோவில் நடு ஸ்தாயியின் ‘சி’ கட்டையைச் சட்ஜமாகக் கொண்டால், அதன் ஐந்தாவது கிளையதிர்வும், காந்தாரமான ‘இ’ தந்தியின் நான்காவது கிளையதிர்வும் மிக அருகருகே அமைகின்றன. சமப் பங்கீட்டில் அவை முறையே ஏறக்குறைய 1,308, 1,318 ஹெர்ட்ஸ்; ஆகவே நொடிக்குப் பத்து முறை ஓசை எழுந்து தணிகிறது. பள்ளியில் படித்த விம்மல் இதுதான். வல்லோட்டி முறையில் ‘இ’ தந்தி 1.5 ஹெர்ட்ஸ் மட்டுமே இறங்க, அதன் நான்காவது கிளையதிர்வு அதைப் போல் நான்கு மடங்கு இறங்கி, விம்மல் நான்கரையாகக் குறைகிறது. பதிவில் நீண்டு நின்ற ஓர் இணைசுரத்தை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை)க் கடிகாரத்தின் நொடி முள்ளோடு வைத்து எண்ணினேன். இரண்டு நொடிகளில் ஒன்பது.

இதற்கு நேர்மாறாக, அந்தர காந்தாரத்திற்கு ஒரு கட்டை கீழே உள்ள ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரத்தின் விம்மல் 14-இலிருந்து 16 ஆகக் கூடுகிறது. டாங்கோவோ, சாதாரண காந்தாரத்தில் புலம்பிவிட்டு அதே சட்ஜத்தின்மேல் அந்தர காந்தாரத்திற்கு மாறுவதை மிகவும் விரும்பும் இசை. வழக்கமான பியானோவில் அந்த மாற்றம் 14-இலிருந்து 10-க்கு. இங்கே 16-இலிருந்து நான்கரைக்கு. மேலும், டாங்கோவில் இடக்கை வெட்டி வெட்டி வாசிக்கும். கால் நொடியே ஒலிக்கும் அத்தகைய இணைசுரத்தில் நொடிக்கு நான்கரை என்ற விம்மல் ஒருமுறைதான் முடிகிறது. காதுக்கு அது அசைவற்ற ஒலியாகவே படுகிறது. இவ்வளவு சிறிய திருத்தம் இவ்வளவு பெரிய உணர்வைத் தருவது எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது.

432 ஹெர்ட்ஸில் சுருதி வைத்தால் நோய் தீரும், அதுவே இயற்கையின் எண் என்று பரவும் செய்தியையும் வாசகர் குறிப்பிட்டிருந்தார். நொடி என்பதே மனிதர் வகுத்த அளவு. அதைக் கொண்டு எண்ணிய எண் இயற்கையின் எண்ணாக முடியாது. அத்தகைய செய்திகளை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த பதிவைப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மலைக்காற்றின் ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பி, நடுப்பகுதித் தந்திகளை அதிகமாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் இழுக்கும், 1.5 ஹெர்ட்ஸில் நிற்கும் வேறுபாடு கலைய, மூடுபனி இறங்கும் சில நாள்களே போதும்.