ரெசிடென்சி: குடியிருப்பா, உறைவா?

போன மாதம் ஒரு கடிதத்தின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். கலை அமைப்பு ஒன்று, எனக்குத் தெரிந்த சுடுமண் சிற்பி ஒருவருக்கு அனுப்பிய கடிதம் அது. மூலத்தில் நல்ல சேதி: பல துறைக் கலைஞர்களைச் சில வாரம் ஓரிடத்தில் தங்கவைத்து அவரவர் வேலையைச் செய்யவிடும் "மல்டிடிசிப்ளினரி ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி"க்கு அவர் தேர்வாகியிருந்தார். தமிழில் இப்படி வந்திருந்தது: "தங்களுக்கு ஆறு வார காலக் கலைஞர் குடியிருப்பு வழங்கப்பட்டுள்ளது." படித்ததும் அவர் வீட்டில் எல்லோரும் ஏதோ வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்று ஒரே குழப்பம். அவருடைய பாட்டி மட்டும் கேட்டார்: "அங்க எத்தனை நாள் இருந்துட்டு வருவே?"

பாட்டி வாயில் வந்த "இருந்துட்டு" என்பதற்குள் ரெசிடென்சியின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

லத்தீனில் "செடேரே" என்றால் உட்கார்வது. அதன் முன்னால் "ரெ" என்ற ஒட்டு சேர்ந்து "ரெசிடேரே" ஆகிறது. எழுந்து போய்விடாமல் இருந்த இடத்திலேயே இருப்பது, தங்கிவிடுவது என்று பொருள். அதே உட்காரும் வேரிலிருந்து வந்தவைதான் செஷன், பிரசிடெண்ட், பிரசிடென்சி எல்லாம். முன்னால் உட்கார்பவர் பிரசிடெண்ட். அவருடைய ஆளுகை பிரசிடென்சி. செஷன் என்பதைத் தமிழில் "அமர்வு" என்று ஆக்கியவர் வேரைத் தொட்டே ஆக்கியிருக்கிறார். நீரின் அடியில் தங்கும் படிவைக் குறிக்கும் செடிமெண்ட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். கணக்கிலும் வேதியியலிலும் எஞ்சி நிற்பதைச் சொல்லும் ரெசிடியூவோ நேரடியாக "ரெசிடேரே"யிலிருந்தே பிறந்தது. ஆக, உட்கார்வது, தங்குவது, மிஞ்சுவது ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் கிளைகள்.

இப்போது நம்முடைய "இரு" என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கை என்றால் உட்காரும் இடம். இருப்பிடம் என்றால் தங்கும் இடம். இருப்பு என்றால் கணக்கில் மிச்சம் நிற்பது. லத்தீன் வினை பிரிந்த அதே மூன்று கிளை! வாசலில் நிற்பவரைப் பார்த்து "இருங்க" என்கிறோம். உட்காருங்கள், காத்திருங்கள், இன்னும் கொஞ்ச நேரம் தங்குங்கள் என்று மூன்றையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடும். இதைவிட நெருக்கமான பொருத்தம் வேறு மொழிகளில் கிடைப்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரெசிடென்சி கலைக்குள் நுழைந்தது பிற்பாடுதான். அதற்கு முன்பு ஐரோப்பியத் தேவாலயங்களில், ஒரு பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) வருமானத்தைப் பெறும் குரு அந்தப் பங்கிலேயே தங்கியிருந்து ஊழியம் செய்ய வேண்டும் என்ற கடமையை இந்தச் சொற்குடும்பம் குறித்தது. பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில், சமஸ்தானங்களில் உட்கார்ந்துகொண்டு அரசர்களைக் கண்காணித்த அதிகாரி ரெசிடெண்ட் ஆனார். அவருடைய மாளிகை ரெசிடென்சி ஆனது. 1857-ல் முற்றுகைக்கு உள்ளான லக்னோ ரெசிடென்சியை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். 1889-ல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெடும் வகுத்த முறைப்படி, பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே தங்கி வேலை செய்தார்கள். மருத்துவ ரெசிடென்சி என்ற பெயர் அங்கே நிலைபெற்றது. இவற்றோடு ஓட்டல் பெயர்ப்பலகைகளில் இருக்கும் ரெசிடென்சியையும் சேர்த்துப் பார்த்தால், சிற்பியின் வீட்டார் குழம்பியதில் வியப்பே இல்லை.

கலைஞர்களை ஓரிடத்தில் தங்கவைத்து வேலை செய்யவிடும் வழக்கமோ அந்தப் பெயரைவிட மூத்தது. பதினான்காம் லூயி காலத்தில், 1666-ல், ரோம் நகரில் பிரெஞ்சு அகாதெமி தொடங்கப்பட்டது. பரிசு வென்ற இளம் ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே போய்ப் பல ஆண்டுகள் தங்கினார்கள். 1803-ல் அது வில்லா மெடிசி என்ற மாளிகைக்கு மாறியது. அங்கே தங்கியவர்களைப் "பான்சியோனேர்" என்றார்கள். ஊணும் தங்குமிடமும் தந்து பராமரிக்கப்படுபவர் என்று பொருள். சொல்லில் சோறு முன்னால் நிற்கிறது, கலை பின்னால்தான்.

அமெரிக்காவில் இதற்கு முதலில் கிடைத்த பெயர் காலனி. இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவர் மனைவி மரியனும் நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோவில் இருந்த தங்கள் பண்ணையில் 1907-ல் ஒரு கலைஞர் காலனியைத் தொடங்கினார்கள். காட்டுக்குள் இருந்த மரக்குடிலில் எட்வர்ட் இசை எழுதிக்கொண்டிருக்கும்போது, அவரைத் தொந்தரவு செய்யாமல் மரியன் மதிய உணவைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுவிட்டு வருவாராம். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. கூடை வாசலுக்கு வரும், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் மரப்பலகைகள் மாட்டியிருக்கும். அங்கே வேலை செய்துவிட்டுப் போகிறவர்கள் அதில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். முதன்முதலில் அங்கே வந்து தங்கியவர்கள் ஹெலன் மியர்ஸ், மேரி மியர்ஸ் என்ற சகோதரிகள். ஹெலன் சிற்பி, மேரி எழுத்தாளர். பல்துறை என்று பெயர் சொல்லாமலே அந்த இடம் முதல் நாளிலிருந்து பல்துறையாகத்தான் இருந்திருக்கிறது.

2020-ல் மெக்டவல் நிறுவனம் தன் பெயரிலிருந்து காலனி என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஒதுக்கலும் ஆதிக்கமும் அந்தச் சொல்லில் ஒலிக்கின்றன என்பதுதான் காரணம். சரியான முடிவு. தமிழிலும் காலனி என்ற சொல் சுமக்கும் காயங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. எனவே "கலைஞர் காலனி" என்று எழுதும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் இருக்கும் யாடோ வேறொரு சொல்லைத் தேர்ந்தது. ஸ்பென்சர் டிராஸ்க், கத்ரினா டிராஸ்க் தம்பதியின் பண்ணை அது. ஆங்கிலத்தில் நிழலைக் குறிக்கும் ஷேடோ என்ற சொல்லோடு எதுகை சேர்கிற மாதிரி அவர்களுடைய சின்ன மகள் கிறிஸ்டினா வைத்த பெயர்தான் யாடோ. அவர்களுடைய நான்கு குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். வாரிசு இல்லாத அந்தப் பெரிய வீட்டைக் கலைஞர்களுக்கு என்று 1900-ல் எழுதிவைத்தார்கள். 1926-ல் முதல் குழு வந்து தங்கியது. அங்கே தங்குபவர்களை விருந்தினர் என்றே அழைத்து வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. செய்யுளின் எட்டு வனப்புகளை, அதாவது அழகுகளை, சொல்லும்போது அதில் ஒன்றுக்கு "விருந்து" என்று பெயர் வைக்கிறது தொல்காப்பியம். புதிதாக யாக்கப்படும் செய்யுள் என்பது அதன் பொருள். விருந்து என்றால் முதலில் புதுமை. புதிதாக வந்தவர் என்பதால் வீட்டுக்கு வருபவரும் விருந்து. வந்து தங்கும் ஆளுக்கும் அவர் ஆக்கும் புதிய படைப்புக்கும் ஒரே பெயர்! "விருந்துக் கலைஞர்" என்று தமிழில் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய காதுக்கு அது இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவதாகத்தான் கேட்கும்.

கலைக்கு ரெசிடென்ஸ் என்ற சொல் ஒட்டிக்கொண்டதில் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936-ல் ஜான் ஸ்டூவர்ட் கரி என்ற ஓவியரை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் "ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்", அதாவது அங்கேயே இருந்து படைக்கும் கலைஞர், என்ற பதவியில் அமர்த்தியது. அவர் அமர்ந்தது வேளாண் கல்லூரியில். பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை. தன் ஓவியத்தை வரைவதும், கிராமப்புறங்களில் வரைந்துகொண்டிருந்தவர்களைப் போய்ப் பார்த்து ஊக்குவிப்பதும்தான் வேலை.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. மியர்ல் லேடர்மன் யூக்கலிஸ் என்ற கலைஞர் 1977-லிருந்து நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் ரெசிடென்ஸ் கலைஞர், அதுவும் சம்பளம் இல்லாமல். 1979-ல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம், நகரம் முழுக்கப் போய் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களின் கையைப் பிடித்துக் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு ஒவ்வொருவரிடமும் நன்றி சொன்னார். அதுதான் அவருடைய படைப்பு. அந்தத் துறை அலுவலகத்தில் அவர் படுத்து உறங்கவில்லை; அவருக்கு அங்கே குவார்ட்டர்ஸும் கிடையாது. ஆனாலும் அவர் அங்கே "இருந்தார்". குடியிருப்பு என்ற மொழிபெயர்ப்பு உடைந்துபோகும் இடம் இது. குடி என்பது குடும்பத்தோடு வேர்விட்டு வாழ்வது. ரெசிடென்சிக்குப் போகிறவர் குறித்த நாளில் திரும்பிவிடுவார். சில வேளை படுக்கையே இல்லாத இடத்தில்கூட ரெசிடென்சி நடக்கும்.

அடுத்து, பல்துறை என்ற சொல்.

ஆங்கிலத்தில் துறையைக் குறிக்கும் டிசிப்ளின் என்ற சொல், லத்தீனில் கற்பவனைக் குறிக்கும் "டிசிபுலுஸ்" என்பதிலிருந்து வருகிறது. அதில் குருவும் மாணவனும் கட்டுப்பாடும் தெரிகிறார்கள். நம் "துறை" வேறு இடத்திலிருந்து வருகிறது. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்க ஒரு துறை, படகு ஏற ஒரு துறை. அங்கிருந்துதான் அகத்துறை, புறத்துறை என்று கவிதைக்கும், பிறகு அறிவின் பிரிவுகளுக்கும், கடைசியில் அரசு அலுவலகங்களுக்கும் அந்தச் சொல் போனது. ஒன்றில் முழுத் தேர்ச்சி பெற்றவரைத் "துறைபோகியவர்" என்பார்கள். பல்துறை என்று சொல்லும்போது கரையில் இறங்கும் இடங்கள்தான் பல, தண்ணீர் ஒன்று.

நானும் ஒரு முறை மொழிபெயர்ப்பு வேலையோடு அப்படி ஓரிடத்தில் நான்கு வாரம் இருந்திருக்கிறேன். முதல் வாரம் ஒன்றுமே ஓடவில்லை. மேசை, நாற்காலி, ஜன்னல், நான். யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே பாரமாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், அங்கே வேலை செய்த குயவர் சூளையைத் திறந்தார். இன்னும் சூடு ஆறாத கிண்ணங்களை வெளியே எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். சற்று நேரத்தில் அவை ஒலிக்கத் தொடங்கின. டிங்... கொஞ்சம் விட்டு, டிங் டிங். மேலே பூசிய மெருகு குளிரும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி, மயிரிழை போல விரிசல் விடும் சத்தம் அது. குயவருக்கு அது தினமும் கேட்கிற சத்தம். பக்கத்து அறையில் இருந்த இசையமைப்பாளர் ஓடிப்போய் மைக்கைக் கொண்டுவந்து கிண்ணங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஐந்தாறு பேர் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அன்று சாயங்காலம் எனக்குப் பிடிபட்டது. அவர் துறையில் இறங்கி நான் தண்ணீர் மொண்டுகொண்டேன்.

இதை யாரும் அட்டவணையில் போட்டிருக்கவில்லை. பட்டறையிலிருந்து ரெசிடென்சி வேறுபடுவது இங்கேதான். பட்டறையில் ஒருவர் கற்றுக்கொடுக்க, மற்றவர்கள் கற்பார்கள். முகாம் என்றால் மணியடித்தால் எல்லோரும் கூட வேண்டும். நல்கை என்பது பணம் மட்டும். ரெசிடென்சி தருவது முதன்மையாக நேரமும் இடமும். அப்புறம் பக்கத்தில் வேறு வேலை செய்யும் மனிதர்கள்.

சரி, தமிழில் என்னவென்று சொல்வது? தங்கல் என்பது எளிய சொல்தான், ஆனால் ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்புவதையும் அது குறிக்கும். வதிவிடம் என்பது ஈழத்தமிழில் நல்ல புழக்கத்தில் இருக்கும் அழகான சொல். ஆனால் அங்கே அது முகவரியையும் இருப்பிடத்தையும் குறித்து நிலைத்துவிட்டது. உள்ளுறை என்பதை மருத்துவப் பயிற்சிக்குச் சிலர் எழுதுகிறார்கள். கவிதை படிப்பவருக்கோ அது உள்ளுறை உவமம், பொருளை உள்ளே மறைத்துச் சொல்லும் உவமை. பாட்டியின் "இரு" பொருளில் முழுக்கப் பொருந்தினாலும், "கலை இருப்பு" என்று எழுதினால் கிடங்குக் கணக்கு மாதிரி ஆகிவிடும்.

என் தேர்வு "உறை" என்ற வினை. உணவு, உடை, உறையுள் என்று எல்லோருக்கும் தெரிந்த வேர். உண்டு உறைவிடப் பள்ளியில் இருப்பதும் இதுவே. வள்ளுவர் இதைக் கையாளும் ஓர் இடத்தைப் பாருங்கள்:

"அகனமர்ந்து செய்யாள் உறையும் முகனமர்ந்து
நல்விருந்து ஓம்புவான் இல்."

முகமலர்ந்து விருந்தினரைப் பேணுபவன் வீட்டில் திருமகள் மனம் விரும்பி உறைவாள். திருமகள் அங்கே குடியேறுவதில்லை, வாடகைக்கும் வருவதில்லை. விரும்பி இருக்கிறாள், அவள் இருப்பதால் அந்த வீடு செழிக்கிறது. யூக்கலிஸ் துப்புரவுத் துறையில் இருந்ததற்கும் இந்த "உறையும்" பொருந்தும். பால் உறைவதற்கும் நாம் இதே வடிவத்தைத்தான் சொல்கிறோம். அசைக்காமல் ஓரிடத்தில் விட்டுவைத்தால்தான் அது உறையும். என் முதல் வாரத்தை இப்போது நினைத்தால் அப்படித்தான் படுகிறது.

ஒரு மறுப்பு வரலாம். "உறைகலைஞர்" என்று எழுதினால், பனியில் உறைந்தவரா, உறை தைப்பவரா என்று தோன்றும் என்பார்கள். நியாயம்தான். அதனால் வினையை நேரடியாக ஒட்டாமல் "உறைவு" என்ற பெயராக்கி எழுதலாம். நிகழ்வுக்குக் கலை உறைவு. பல கலைகள் சேர்ந்தால் பல்துறைக் கலை உறைவு. ஆளுக்கு உறைவுக் கலைஞர். இடத்துக்கு உறைவகம். எழுத்தாளர் உறைவு, இசை உறைவு என்று பிரித்தும் சொல்லலாம். புதிய வாசகருக்கு எழுதும்போது முதல் தடவை "ரெசிடென்சி எனப்படும் கலை உறைவு" என்று சேர்த்து எழுதிவிட்டால், இரண்டாவது தடவையிலிருந்து தமிழ்ச்சொல் தனியாகவே நிற்கும். மருத்துவத்துக்கும் குடியுரிமைப் படிவத்துக்கும் இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே ஏற்கெனவே சொற்கள் உண்டு.

அந்தக் கடிதத்தை இப்படித் திருத்திக் கொடுத்தேன்: "எங்கள் பல்துறைக் கலை உறைவுக்குத் தாங்கள் தேர்வு பெற்றிருக்கிறீர்கள். ஆறு வாரம் இங்கே இருந்து தங்கள் வேலையைச் செய்ய அறையும் பணிக்கூடமும் சூளையும் தருகிறோம்."