தெரிவு விளைவு: தெரிந்ததும் தெரிந்தெடுத்ததும்

'தேர்வு விளைவு' என்ற சொல்லைப் பார்த்ததும் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டதோ என்று தோன்றினால் தப்பு உங்கள் மேல் இல்லை. வானியலிலும் புள்ளியியலிலும் 'செலக்‌ஷன் எஃபெக்ட்' என்று வழங்குவதன் தமிழாக்கம் அது. ஒன்றைத் தேட நாம் கையிலெடுக்கும் வழியே, எது அகப்படும், எது நழுவும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. அகப்பட்டதை வைத்து மொத்தத்தையும் கணித்தால் கணக்கு ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வை உண்டாக்குவதுதான் இது.

லத்தீனில் 'லெகெரே' என்றால் பொறுக்குதல், 'செ' என்றால் தனியே. பொறுக்கித் தனியே வைப்பது 'செலக்‌ஷன்'. சரி, வானத்தில் யார் எதைப் பொறுக்குகிறார்கள்?

தூசி படிந்த கேலக்ஸிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் விண்மீன்கள் மளமளவென்று பிறக்கும். அவற்றின் ஒளியைத் தூசி விழுங்கி, சூடேறி, அகச்சிவப்பாக வெளிவிடும். பிரபஞ்சம் விரிவதால் அந்த அலை வழியிலேயே நீண்டு, நம்மிடம் வரும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள சப்மில்லிமீட்டர் அலையாகிவிடும். 1990களின் பிற்பகுதியில் ஹவாயின் மௌனா கியா மலையில், 15 மீட்டர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கியில் பொருத்திய ஸ்கூபா என்ற கருவி 850 மைக்ரான் (0.85 மில்லிமீட்டர்) அலைநீளத்தில் இவற்றைப் பிடித்தது.

பிடித்ததெல்லாம் சரி, எவ்வளவு தூரம்? அங்கேதான் சிக்கல். ஸ்கூபாவுக்கு ஒரு கேலக்ஸி சுமார் 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அகலமுள்ள மங்கலான பொட்டாகத்தான் தெரியும். நிலவின் அகலம் 1,800 விகலை என்பதால் பொட்டு சின்னதுதான். ஆனால் அதே இடத்தைச் சாதாரண ஒளியில் ஆழமாகப் படமெடுத்தால் அதற்குள் நாலைந்து கேலக்ஸிகள் கிடக்கும். தூரத்தை அறிய எதன் நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பட்டையை, எடுப்பது? ரேடியோ அலையில் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால், நியூ மெக்ஸிகோவில் உள்ள விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்களிலும் தென்பட்டவற்றையே பெரும்பாலும் எடுத்து, ஹவாயின் கெக் தொலைநோக்கியால் செம்பெயர்ச்சியை அளந்தார்கள். வரும் வழியில் அலை எவ்வளவு நீண்டது என்பதன் அளவு அது; எண் கூடினால் தூரமும் கூடும். 2005இல் 73 கேலக்ஸிகளின் கணக்கு வந்தது. செம்பெயர்ச்சியின் நடு மதிப்பு 2.2, அதாவது சுமார் 1,070 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி.

இதில் ஒரு விசித்திரம். 850 மைக்ரானில் தூரம் கூடக்கூட கேலக்ஸி மங்குவதில்லை. தள்ளிப் போகப்போக, தூசி அதிகமாக ஒளிரும் அலைநீளப் பகுதி நம் கருவிக்குள் நகர்ந்து வந்து, தூரத்தால் வரும் இழப்பை ஈடுகட்டிவிடும். செம்பெயர்ச்சி 1 முதல் 8 வரை பிரகாசம் ஏறக்குறைய ஒன்றுதான். ரேடியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, தூரம் ஏறினால் மங்கும். ஆக 3ஐத் தாண்டியவற்றில் பல, ரேடியோ என்ற வாசலிலேயே நின்றுவிட்டன. அப்புறம் 1.2க்கும் 1.8க்கும் நடுவே இருப்பவற்றின் நிறமாலையில் செம்பெயர்ச்சியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளக் கோடுகள் கண்ணுறு ஒளியில் சரியாக விழாது, அங்கேயும் ஒரு பள்ளம்.

2013இல் தென் துருவத் தொலைநோக்கி வேறு வாசலைத் திறந்தது. அது 1.4 மில்லிமீட்டர் அலைநீளத்தில் கண்டவற்றில் 26ஐ சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி இதே போன்ற அடையாளக் கோடு தேடிப் பார்த்தது. தூரத்தை மில்லிமீட்டர் அலையிலேயே அளந்ததால் ரேடியோவின் தயவு தேவைப்படவில்லை. சராசரி செம்பெயர்ச்சி 3.5! ஆனால் அலைநீளம் நீளமானால் தொலைவில் இருப்பவையே அதிகம் சிக்கும். மேலும் இவை பெரும்பாலும் ஈர்ப்பு வில்லையால், அதாவது இடையில் இருக்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், பெரிதாகித் தெரிந்தவை. நம்மிடமிருந்து தள்ளி இருக்கும் கேலக்ஸிக்கும் நமக்கும் நடுவில் வில்லை அமையும் வாய்ப்பும் கூடுதல். 2.2, 3.5 இரண்டுமே பொய்யில்லை. எந்த வாசல் வழியாகப் பார்த்தோம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

தூரம் அளப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் படமெடுத்த சிறு வானப்பகுதியான ஹப்பிள் ஆழ்புலத்தில் ஸ்கூபா கண்ட மிகப் பிரகாசமான பொட்டை 1998இல் அறிவித்தார்கள். ஹப்பிள் கண்ணுக்கே அது தென்படவில்லை. அதன் செம்பெயர்ச்சி 5.2 என்று தெரிய 2012 ஆனது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'தேர்வு விளைவு', 'தெரிவு விளைவு' இரண்டில் என் ஓட்டு 'தெரிவு விளைவு' என்பதற்கே. பரீட்சைக் குழப்பம் இல்லை, 'தெரிவு செய்தல்' இலங்கைத் தமிழில் அன்றாடப் புழக்கம். அதைவிட முக்கியமாக, 'தெரி' என்ற வினைக்குக் கண்ணுக்குப் புலப்படுதல், பொறுக்கி எடுத்தல் என இரண்டு பொருளும் உண்டு. தெரிந்தவை எல்லாம் தெரிந்தெடுக்கப்பட்டவையே என்பதுதானே இங்கே சங்கதி? லத்தீன் வேருக்கு இந்த வசதி கிடையாது. விளைவாக வரும் 'பயஸ்' என்பதற்குத் 'தெரிவுச் சாய்வு' போதும். சிலர் 'பாரபட்சம்' என்று எழுதுகிறார்கள், அது ஒட்டாது. ரேடியோ ஆன்டெனாவுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று யாரும் இல்லை.