பாத்திர எடை கழித்து ஒரு மதிப்பெண்

செக்கில் எண்ணெய் வாங்கப் போனால் தூக்குவாளியை முதலில் வெறுமனே தராசில் வைப்பார்கள். வாளியின் எடையைக் கழித்தால்தான் எண்ணெயின் எடை தெரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்குத் தாளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே அளக்கப்படுவது கணக்கு மட்டுமல்ல. வினாவை வாசிக்கும் வேகம், கை எழுதும் வேகம், மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரும் உடல் வலு எல்லாம் அதோடு சேர்ந்தே தராசில் ஏறுகின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வாளி ஏறக்குறைய ஒரே கனம் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பார்வையோ செவியோ கையோ வாசிப்போ வேறுவிதமாக இயங்கும் பிள்ளைக்கு மட்டும் கனம் கூடிவிடுகிறது. (வாளி எடையைக் கூட்டும், இது மதிப்பெண்ணைக் குறைக்கும். திசைதான் வேறு, பிழை ஒன்றுதான்.) கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று 'சலுகை' தலைப்பில் வருபவை எல்லாம் அந்தக் கனத்தைக் கழிக்கும் வழிகள். அளவுகோலைச் சரிசெய்வதற்குச் சலுகை என்று பெயர் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

கூடுதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல், தேர்வின் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது 20 நிமிடம் கூட்டித் தரச் சொல்கிறது. மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம். இது போதுமா? ஒரு தாளில் சராசரிப் பிள்ளை வாசிக்க 20, யோசிக்க 80, எழுத 80 என்று 180 நிமிடம் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். வாசிப்பில் மூன்று மடங்கும் எழுத்தில் ஒன்றரை மடங்கும் நேரம் பிடிக்கும் பிள்ளைக்கு 60, 80, 120 ஆகிறது. மொத்தம் 260. ஒரு மணி நேரம் கொடுத்தும் 20 நிமிடம் இடிக்கிறது. யோசிக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கோ கணக்கே வேறு. தசை களைத்துப்போகும் உடம்பை இன்னொரு மணி நேரம் இடைவெளியில்லாமல் உட்காரவைத்தால், கடைசி இரண்டு பக்கங்களில் கையெழுத்து சிதையும். அங்கே நிமிடத்தைவிட நடுவில் பத்து நிமிட ஓய்வுக்கு மதிப்பு அதிகம்.

'எல்லாருக்கும் ஒரு மணி நேரம் கொடுத்தால் எல்லாரும்தானே கூடுதலாக எடுப்பார்கள்?' என்ற கேள்வி நியாயமானது. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பார்வை நன்றாக உள்ளவருக்குக் கண்ணாடி கொடுத்தால் பயனில்லை, மங்கலாகத் தெரிபவருக்குக் கொடுத்தால் பயன் உண்டு. நல்ல ஏற்பாடு இப்படித்தான் இருக்க வேண்டும். கூடுதல் நேரம் அத்தனை சுத்தமானதல்ல. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்டீபன் சிரேசியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் சொன்னது: நேரம் கூடினால் இரு தரப்பும் ஏறுகிறது, ஆனால் குறைபாடுள்ள மாணவர்கள் கூடுதலாக ஏறுகிறார்கள். மற்றவர்களும் ஏறுகிறார்கள் என்றால், அந்தத் தாள் எல்லாருக்குமே நெருக்கடியாக இருந்தது என்றும் பொருள்.

பாளையங்கோட்டையில் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நடந்துவரும் பார்வையற்றோர் பள்ளியில் பிள்ளைகள் விரலால் வாசிக்கிறார்கள். 'தாமிரபரணி' அச்சில் ஆறு எழுத்து. தமிழ்ப் பிரெய்லில் உயிர்மெய்யைப் பிரித்து, மெய்க்குப் பின்னால் உயிரை வைப்பதால் 'தா', 'மி', 'ணி' மூன்றும் இரண்டிரண்டு கட்டங்களாகி (ஆறு புள்ளிக்கான இடம் ஒரு கட்டம்), சொல் ஒன்பது கட்டங்களாக நீளும். கண் ஒரு சொல்லை ஒரே பார்வையில் பிடிக்கும், விரலோ கட்டம் கட்டமாகத்தான் போக முடியும். அதனால் நெடிய பத்தி வினாவில் வாசிப்பு நேரம் எகிறும். வினாவைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் விரலை மேலே கொண்டுபோய்த் தேட வேண்டும்.

இந்தப் பிள்ளைகளில் பலர் பொதுத்தேர்வை வாயால் எழுதுகிறார்கள், கை இன்னொருவருடையது. சமூக அறிவியலில் இது ஓடிவிடும். கணக்கில்தான் தொல்லை. 'இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று அடுக்கு இரண்டு' என்று சொன்னால் எழுதுபவர் எதை எழுதுவார்? எக்ஸ் ஒன்று என்றால், (2x+3)² என எழுதினால் 25. 2x+3² என எழுதினால் 11. 2(x+3)² என்றால் 32. சரியாக யோசித்த பிள்ளைக்கு இரண்டு தவறான விடைகள் காத்திருக்கின்றன. 'அடைப்பு தொடக்கம்', 'அடைப்பு முடிவு', 'முழுவதுக்கும் அடுக்கு' என்று சொல்லும் பழக்கம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டும். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதும் அப்படித்தான். 2018 வழிகாட்டுதல்படி, தேர்வு நடத்துபவரே எழுதுபவரைத் தந்தால் இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்கலாம். அந்தச் சந்திப்பில் பெயர் கேட்டுக் கைகுலுக்கிவிட்டு வராமல், பழைய தாளில் நான்கு கணக்காவது சொல்லி எழுதிப் பார்க்க வேண்டும்.

காது கேளாத பிள்ளைக்குச் சிக்கல் மொழியில் இருக்கிறது. சைகையை முதல் மொழியாகக் கொண்டவருக்குத் தமிழ் வாக்கிய அமைப்பு இரண்டாம் மொழி. இந்த வினாவைப் பாருங்கள்: 'முழு உயரம் 143 அடியாகிய பாபநாசம் அணையில், தற்போது 119 அடியாக உள்ள நீர்மட்டம் நாளொன்றுக்கு 2 அடி வீதம் உயரும் பட்சத்தில், அணை நிரம்புவதற்குத் தேவைப்படும் நாட்கள் எத்தனை?' இதையே 'பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. இன்று நீர்மட்டம் 119 அடி. தினமும் 2 அடி கூடும். எத்தனை நாளில் நிரம்பும்?' என்று கேட்கலாம். இரண்டுக்கும் விடை 12 நாள். முதல் வினா கழித்தல், வகுத்தலோடு எச்சத் தொடர்களையும் சோதிக்கிறது. இரண்டாவது கணக்கை மட்டும் சோதிக்கிறது. இந்தத் திருத்தத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

எதையும் கழித்துவிடலாம் என்பதும் இல்லை. கணக்கு வினாவை வாசித்துக் காட்டலாம். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனையே அளக்கும் பத்தியை வாசித்துக் காட்டினால் அளக்க எதுவும் மிஞ்சாது. எண்ணெயையும் சேர்த்துக் கழித்த கதைதான். எழுத்துப்பிழையும் அப்படியே. அறிவியல் தாளில் 'ஒலிச்சேர்க்கை' என்று எழுதிய பிள்ளைக்கு ல, ள குழம்பியிருக்கிறது, இலைக்குள் நடப்பது தெரிந்திருக்கிறது. அலைகள் பாடத்தில் 'ஒளி', 'ஒலி' மாறினால் அது எழுத்துப்பிழையா கருத்துப்பிழையா என்று திருத்துபவர் விடையின் மீதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

எந்த வினா அநியாயமாக நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிக்கப் புள்ளியியலில் வழி இருக்கிறது. மொத்த மதிப்பெண் சமமாக உள்ள இரண்டு குழுக்களை எடுத்து, ஒரே ஒரு வினாவில் மட்டும் ஒரு குழு சறுக்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இதற்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வேண்டும். ஒரு மாவட்டத்தில் பிரெய்லில் படித்துப் பத்தாம் வகுப்பு எழுதுபவர்களை வைத்து இதைச் செய்ய எண்ணிக்கை பற்றாது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்பதே இங்கே சிறந்த கருவி.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்கிறது. சொல்வதை எழுதுபவரின் உதவி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்ற சான்றிதழ் உள்ளவருக்கு மட்டும் உரியதல்ல என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருந்தாலும் ஆவணங்கள் நேரத்தோடு கையில் இருக்க வேண்டும். களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழுக்காக ஜனவரியில் அலைவதைவிட ஜூனிலேயே போய்விடுவது மேல்.

தேர்வு நாளில் பொதுவாக நேரும் பிழை 1.15க்கு வருகிறது. மற்றவர்களுக்கு மணி அடிக்கும், விடைத்தாள் கட்டுவார்கள், வராண்டாவில் கூச்சல் எழும். கூடுதல் நேரம் உள்ள பிள்ளை 2.15 வரை எழுத வேண்டும். பொது அறையில் போட்டிருந்தால் அந்த ஒரு மணியில் பாதி சத்தத்தில் போய்விடும். தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில், தனி அறை வேண்டும். பங்குனி வெயில் நேரம் என்பதால் மின்விசிறி ஓடுகிறதா என்று முந்தைய நாளே பார்க்க வேண்டும். காலையில் 9 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை என்பதால், தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் உள்ளே அனுமதிக்கப்படுமா என்று தேர்வு மையத்தில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.