கோட்டின் உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று டெய்லரிடம் கேளுங்கள்

போன மாதம் ஒருவர் ஒரு கோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். வேறோர் இடத்தில் தைத்தது. மேல்துணி நல்ல கம்பளி, தொட்டாலே தெரிந்தது. ஆனால் மார்புப் பகுதி முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நான்கே முறைதான் டிரைவாஷ் கொடுத்திருக்கிறார். "அழுத்தி இஸ்திரி போட்டால் சரியாகிவிடுமா மாஸ்டர்?" என்று கேட்டார். ஆகாது. உள்ளே ஒட்டியிருந்த பசை விட்டுப்போயிருந்தது. சூடு வைத்து அழுத்தினால் கொஞ்ச நாள் படிந்திருக்கும், அடுத்த சலவையில் மறுபடி எழும்பும். துணிக்கு அவ்வளவு செலவு செய்தவர், உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. அவர் போன பிறகும் அந்தக் கோட்டு மனதைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டின் முன்பக்கம் மூன்று அடுக்கு. வெளியே துணி, உள்ளே லைனிங், இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு. கோட்டுக்கு உருவம் தருவது இந்த நடு அடுக்குதான். இதில் பசை தடவிய துணியை வைத்து, சூட்டாலும் அழுத்தத்தாலும் மேல்துணியோடு ஒட்டிவிடுவது ஃபியூசிங். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஃபுல் கான்வாஸ் என்றால் பசையே கிடையாது. கம்பளி அல்லது பருத்தி நூலோடு குதிரைமுடி சேர்த்து நெய்த கான்வாஸை, தோளிலிருந்து கீழ் விளிம்புவரை தையலால் மட்டும் பிடித்து நிறுத்துவோம். குதிரைமுடியை வளைத்துவிட்டால் தானாக நிமிரும். அதனால் கோட்டு உடம்போடு சேர்ந்து அசையும், கழற்றி மாட்டினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மார்புக்கும் லேப்பலுக்கும் (காலரை ஒட்டி மார்பின்மேல் வெளிப்பக்கம் மடியும் பகுதி) மட்டும் கான்வாஸ் வைத்து, கீழே ஃபியூசிங் செய்தால் ஹாஃப் கான்வாஸ்.

லேப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்ல கோட்டில் அது தகடு மாதிரி மடிந்து கிடக்காது, பட்டன் பக்கத்திலிருந்து மெல்ல உருண்டு எழும். இஸ்திரிப்பெட்டியால் அந்த வளைவைக் கொண்டுவர முடியாது. துணியையும் கான்வாஸையும் இடது கை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நூற்றுக்கணக்கான குட்டித் தையல்களைப் போடுவோம். ஒவ்வொரு தையலும் அந்த வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டும். அதனால்தான் எத்தனை வருடம் போட்டாலும் லேப்பல் அந்த உருளலை மறப்பதில்லை. என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

உங்கள் கோட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடைசிக் காஜாவுக்குக் கீழே, முன்பக்கத்தின் மேல்துணியை ஒரு கையிலும் உள்பக்கத்தை மறு கையிலும் கிள்ளிப் பிடித்து, மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவினால் அது கான்வாஸ். மேல்துணி மட்டும் தடித்து விறைப்பாக இருந்தால் ஃபியூசிங். இதே சோதனையை லேப்பலிலும் செய்யுங்கள், ஹாஃப் கான்வாஸா என்று தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் ஃபுல் கான்வாஸ் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் போடுபவருக்கு, நல்ல பசையும் சரியான பிரஸ்ஸும் வைத்துச் செய்த ஃபியூசிங்கே போதும். வாரா வாரம் போடுபவருக்கு ஹாஃப் கான்வாஸ்தான் என் பரிந்துரை. எதுவானாலும், எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அது உள்ளே இருக்க வேண்டும். முழுவதும் கையால் தைக்கும் ஒரு சூட்டுக்கு 50 மணி நேரத்துக்கும் மேல் உழைப்பு ஆகும். இரண்டே நாளில் ஃபுல் கான்வாஸ் சூட் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், யார் தைக்கிறார்கள், எத்தனை டிரையல் என்று நிதானமாகக் கேளுங்கள்.

அடுத்தது துணி. தேர்ந்தெடுக்க வருபவர்களில் பாதிப் பேர் முதலில் பார்ப்பது 'சூப்பர்' எண்ணைத்தான். சூப்பர் 150 என்றால் சூப்பர் 100-ஐவிட ஒன்றரை மடங்கு உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சொல்வது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டும்தான். சர்வதேச விதிப்படி சூப்பர் 100 துணியில் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது. எண் பத்து ஏற ஏற இந்த வரம்பு அரை மைக்ரான் குறையும். சூப்பர் 150-க்கு 16.25. இழை மெலிய மெலிய துணி வழுவழுப்பாகும். கூடவே சீக்கிரம் கசங்கும், உராயும் இடத்தில் சீக்கிரம் தேயும். நெசவு எவ்வளவு நெருக்கம், நூல் எவ்வளவு முறுக்கு என்றெல்லாம் அந்த எண்ணில் எதுவும் இல்லை. தினமும் ஆபீஸுக்குப் போடச் சூப்பர் 150-இல் தைத்துக்கொண்ட ஒரு தம்பியின் பேன்ட், ஒரு வருடம் ஆவதற்குள் தொடைகள் உரசும் இடத்தில் நைந்துவிட்டது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டார், நானும் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். தினசரி உடைக்குச் சூப்பர் 100, 110-க்கு மேல் போகவே தேவையில்லை.

எண்ணைவிட எடையைக் கேளுங்கள். இதிலும் ஒரு குழப்பம் உண்டு. சிலர் ஓட்ட மீட்டருக்கு, அதாவது முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்துக்கு, இத்தனை கிராம் என்பார்கள், சிலர் சதுர மீட்டருக்கு என்பார்கள். கோட்டுத் துணியின் அகலம் ஏறக்குறைய 150 செ.மீ. அதனால் ஓட்ட மீட்டருக்கு 300 கிராம் என்பதும் சதுர மீட்டருக்கு 200 கிராம் என்பதும் ஒரே துணிதான். ஓட்ட மீட்டர் கணக்கில், வெக்கைக்கு 240 முதல் 270 கிராம் நன்றாக இருக்கும். எல்லாக் காலத்துக்கும் ஒன்றுதான் என்றால் 280 முதல் 320. நல்ல குளிருக்கு 340-க்கு மேல். ரொம்ப லேசான துணி சட்டென்று கசங்கும், உடம்பில் அழகாக விழாது. வெயிலுக்கு லேசான துணியைத் தேடுவதைவிட, முறுக்கு நூலில் இடைவெளி விட்டு நெய்த பிளெயின் நெசவுத் துணியைத் தேடுவது நல்லது. அதில் காற்று புகுந்து வரும்.

துணியை ஒரு பிடி கைக்குள் அடக்கிப் பத்து நொடி இறுக்கிவிட்டு விடுங்கள். நல்ல கம்பளி சுருக்கத்தை உதறிக்கொண்டு எழும். லினன் எழாது, அதன் சுபாவம் அப்படி, தெரிந்தே வாங்கலாம். நிறத்தைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். அப்புறம், அடிக்கடி போடும் சூட் என்றால் ஒரு கோட்டுக்கு இரண்டு பேன்ட் எடுத்துவிடுங்கள். முதலில் தேய்வது பேன்ட்தான். ஒரு வருடம் கழித்து அதே நிறம் கேட்டால் கிடைக்காது, ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் நிறம் மயிரிழை மாறும். கட்டம் போட்ட துணி என்றால் ஜோடி சேர்க்கக் கூடுதல் துணி பிடிக்கும், வாங்கும் முன் தைப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லைனிங்குக்குப் பாலியஸ்டர் வேண்டாம், வியர்வையை அது உறிஞ்சாது. விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சிலிருந்து செய்யும் வழுவழுப்பான துணி) கேளுங்கள்.

அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்காதீர்கள். டேப்பைக் குனிந்து பார்க்காதீர்கள், குனிந்தால் முதுகின் நீளமே மாறிவிடும். அந்த சூட்டோடு போடப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது குறையே இல்லை, ஆனால் டெய்லர் அதைக் குறித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள்.

டிரையல் அன்று முதலில் தோளைப் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், விடலாம். கை நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தோள் தவறிவிட்டால் கையைப் பிரித்து எடுத்து, கிட்டத்தட்டப் புதிதாகத் தைக்க வேண்டும். கோட்டின் நீளமும் அப்படித்தான், பாக்கெட் வெட்டிய பிறகு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கழுத்துக்குப் பின்னால் கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் இடைவெளி தெரியக்கூடாது. பட்டன் போட்டதும் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் விழுந்தால் இறுக்கம் அதிகம். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள். கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே ஏறினால் ஆம்ஹோல் (கை வந்து சேரும் வளைவு) கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே பலர் "ஆம்ஹோலைப் பெரிசாக்குங்க" என்பார்கள். பெரிதாக்கினால் இன்னும் மோசமாகும். அக்குளை ஒட்டி உயரத்தில் வெட்டிய சின்ன ஆம்ஹோலில்தான் கை தாராளமாக அசையும்.

கோட்டுக் கையின் முனையில் திறந்து மூடும் நிஜக் காஜா வேண்டும் என்றால், நீளம் முடிவான பிறகு போடச் சொல்லுங்கள். காஜா வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் நீளத்தைத் தொட முடியாது.

சட்டைக்கு ஒன்றே ஒன்று. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தார்களா என்று கேளுங்கள். நனைக்காமல் தைத்த சட்டையின் காலரும் கையும் முதல் சலவையிலேயே உள்வாங்கும். காலர் பட்டன் போட்டால் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வாங்கிக்கொண்டு கிளம்பும் முன் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, பின் நடுத் தையலைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூன்று செ.மீ. போலத் துணி விட்டிருக்க வேண்டும். கோட்டின் பக்கத் தையலிலும் கொஞ்சம் இருக்கட்டும். போன வாரம் ஒருவர், எட்டு வருடத்துக்கு முன் என்னிடம் தைத்த சூட்டோடு வந்தார். இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருந்தது. கோட்டைப் போட்டுப் பார்த்தோம், தோள் அப்படியே உட்கார்ந்தது, லேப்பல் உருண்டு நின்றது. விட்டிருந்த துணியைப் பிரித்து, மறுநாள் மாலை கொடுத்துவிட்டேன்.