கூட்டம் எழும்பினால் நாம் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம்

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், "கோடியக்கரைக்கு எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பறவை பார்க்க ஆட்களை அழைத்துப் போவதுதான் என் தொழில். வருகிறவர்கள் ஆசைப்படுவது பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்கு: பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள், சேற்றில் மேயும் உள்ளான் கூட்டங்கள், அப்புறம் இந்தப் பக்கம் எப்போதாவது தலைகாட்டும் அபூர்வ விருந்தாளி ஒன்று. ஒரே நாளில் மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. 2002-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் இதுதான். வெளிமான் மேயும் புல்வெளி, காடு, வேதாரண்யத்துச் சதுப்பு, உப்பளம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. பலரும் பூநாரையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள். என்னைக் கேட்டால், பூநாரையின் காலடியில் ஓடித் திரிகிற கொசு உள்ளானை அரை மணி நேரம் பார்க்கச் சொல்வேன். அதன் எடை 20 முதல் 30 கிராம்தான். குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டிய, மரமே இல்லாத ஆர்க்டிக் துந்திரப் பகுதியில். அங்கிருந்து பறந்து வந்து, நம் ஊர்ச் சேற்றில் புழு பூச்சி பொறுக்கி, வெயில் ஏறும் காலத்தில் திரும்பவும் அவ்வளவு தூரம் போயாக வேண்டும்.

அந்தப் பயணத்துக்கு எரிபொருள், உடம்பில் சேரும் கொழுப்பு. புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் இவை ஓயாமல் தின்னும். மார்ச், ஏப்ரலில் வந்தால் வளைமூக்கு உள்ளான்களில் சில, மங்கிய சாம்பல் நிறத்தை விட்டுச் செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது ஊருக்குக் கிளம்பத் தயாராகிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஒரு கூட்டத்தைக் கலைத்துவிட்டால், மேய்கிற நேரமும் போகிறது, சேர்த்து வைத்த கொழுப்பும் கரைகிறது. ஒரு தடவை கலைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நமக்கு முன்னால் இரண்டு வண்டி வந்து போயிருக்கும், பின்னால் இன்னும் மூன்று வரும். பறவைக்கு அது மொத்தக் கணக்கு.

"ஒரே ஒரு தடவை பறக்க விடலாமா, படம் நல்லா வரும்" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகிறார்கள். முடியாது என்று சொல்லிவிடுவேன். இதில் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை.

கூட்டம் எழும்புவதற்கு முன்பே அறிகுறி தெரியும், கவனித்தால் போதும். ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகியிருந்தால் அது ஓய்வில் இருக்கிறது. அலகை வெளியே எடுத்துவிட்டதா? நம்மைக் கவனித்துவிட்டது. மேய்ந்துகொண்டிருந்தவை தலையைத் தூக்கி அப்படியே நின்றால், அதுதான் நமக்கான எல்லை. அதற்கு மேல் ஒரு அடிகூட வைக்காதீர்கள், இரண்டு அடி பின்னால் வாருங்கள். பவளக்கால் உள்ளான் உடம்பை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கினால் அடுத்து கத்தப்போகிறது. அது கத்திவிட்டால் பக்கத்துப் பாத்தியில் இருப்பவையும் சேர்ந்து கிளம்பிவிடும்.

உப்பளத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தொழிலாளர்கள் நாள் முழுக்கப் பாத்தியில் உப்பு வாருகிறார்கள். சற்றுத் தள்ளி உள்ளான்கள் பாட்டுக்கு மேய்கின்றன. கேமராவோடு ஒருவர் நேராக நடந்து வந்தால், அவர் இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே கூட்டம் எழும்பிவிடுகிறது. தினமும் ஒரே இடத்தில் ஒரே வேலை செய்கிறவரைப் பறவை பழகிக்கொள்கிறது. தன்னையே குறிவைத்து நேர்க்கோட்டில் வருகிறவரை வேட்டைக்காரர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் வரப்பில் சாய்வாக நடங்கள், அடிக்கடி நில்லுங்கள், உட்கார இடம் கிடைத்தால் உட்காருங்கள். உட்கார்ந்தவரிடம் சில சமயம் பறவையே மேய்ந்தபடி கிட்ட வரும். உப்பளத்துக்குள் போக உரியவர்களிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி காலையிலேயே இடம் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பினால் எந்த லென்சும் உதவாது.

வேட்டைப் பறவையைக் கண்டுபிடிக்க வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தை வலிக்கவிட வேண்டாம். உள்ளான்களே காட்டிக் கொடுக்கும். மனித நடமாட்டம் எதுவும் இல்லாதபோது கூட்டம் திடீரென்று பந்தாகச் சுருண்டு இறுகி, இப்படியும் அப்படியும் திரும்பினால் மேலே பாருங்கள், பொரி வல்லூறாக இருக்கலாம். விலகி நிற்கிற பறவையைத்தான் அது குறிவைக்கும், அதனால்தான் அவை அப்படி நெருங்கிக்கொள்கின்றன. சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் காட்சி வேறு. சிறகை 'வி' வடிவில் தூக்கி வைத்துக்கொண்டு கோரைப்புல்லுக்கு மேல் தாழ்வாக மிதந்து வரும்; அது கடக்கிற இடத்தில் உள்ளவை மட்டும் எழும்பி, கொஞ்சம் தள்ளி உட்காரும். விராலடிப்பானை உள்ளான்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, அதன் சாப்பாடு மீன்தான்.

பூனைப்பருந்துகள் இரவில் புல்வெளியில் தரையிலேயே தங்குபவை. அந்தி நேரத்தில் அவை இறங்குவதைப் பார்ப்பதற்கு ஈடு இணையே இல்லை, ஆனால் புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. கோழிக் கழிவை வீசிப் பருந்தை வரவழைத்துப் படமெடுப்பவர்களோடு நான் போவதில்லை.

அபூர்வ விருந்தாளி என்றால் கோடியக்கரையில் எல்லோர் மனதிலும் கரண்டிமூக்கு உள்ளான்தான். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் குஞ்சு பொரிப்பது, உலகிலேயே எண்ணிக்கை மிகக் குறைந்துபோன கரைப்பறவைகளில் ஒன்று. முன்பு இங்கே பதிவாகியிருக்கிறது. அப்படி ஒன்றைப் பார்த்தால் முதல் வேலை, நின்ற இடத்திலிருந்தே அலகு தெரிய ஒரு படம். தெளிவில்லாத படம்கூடப் போதும். அப்புறம் நேரம், இடம், பக்கத்தில் இருந்த பறவைகள் பற்றிய குறிப்பு. வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் போடுவதை அன்று மாலைவரை தள்ளிப்போடுங்கள். வனத்துறைக்கும் அங்கே ஆய்வு செய்பவர்களுக்கும் முதலில் சொல்லுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் ஏற்றினால் அடையாளம் சரிபார்க்கப்படும், அங்கே ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்து வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ, கொடி போன்ற சிறு பட்டையோ இருந்தால் நிறத்தையும் எழுத்தையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. நீங்கள் படித்துச் சொல்லும் குறியீட்டிலிருந்து அந்தப் பறவைக்கு எங்கே வளையமிட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியும். எங்கேயாவது கூடு கண்ணில் பட்டால் அதன் இடத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

புயலுக்குப் பிறகு வரும் விருந்தாளிகள் தனி ரகம். நடுக்கடலில் வாழ்கிற பறவைகளைக் காற்று அடித்துக்கொண்டு வந்து கரையில் போட்டுவிடும். பறக்கத் தெம்பில்லாமல் மணலில் கிடக்கும். பாவம் என்று கடலில் தூக்கி விடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுற்றி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். துண்டைப் போட்டு மூடி எடுத்து, காற்றுத்துளை உள்ள அட்டைப்பெட்டியில் நிழலான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறையை அழையுங்கள். எடுக்கும்போது அலகிலிருந்து முகத்தைத் தள்ளி வையுங்கள், இந்த வகைப் பறவைகள் பலமாகக் கொத்தும்.