இரண்டு நிமிட ஹார்மோன் ஒரு வாரம் தங்கினால்

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே "போதும்" என்று தோன்றுகிறதே, அந்த நிறைவில் குடலுக்கும் பங்குண்டு. உணவு வந்து சேர்ந்ததும் குடல் சுவரின் எல் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பசியை அடக்கும். ஆனால் ரத்தத்தில் அதன் ஆயுள் ஓரிரு நிமிடம்தான். டிபிபி-4 என்ற நொதி உடனே வெட்டிப்போட்டுவிடும்.

எடைக்குறைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் தரப்படும் செமாகுளுடைட் இதே ஹார்மோனின் சாயல். நொதி வெட்டும் இடத்தை மாற்றி, ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள ஒரு கொழுப்பு அமில வாலையும் சேர்த்திருக்கிறார்கள். உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வந்துபோக வேண்டிய செய்தி, இரவும் பகலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பக்கவிளைவுகளில் பலவற்றை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் குமட்டல். மூளைத்தண்டில், ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று வேவு பார்க்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. இந்த மருந்து அங்கேயும் எட்டுகிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் செமாகுளுடைட் போட்டவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல் வந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 17 சதவீதம். பெரும்பாலும் லேசானது, நாளாக ஆகத் தணிவது. அதனால்தான் வாரம் ஒரு ஊசியாக 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 16 வாரங்களில் படிப்படியாக 2.4க்கு ஏற்றுகிறார்கள். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று இந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொடர் வாந்தியில் நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம்வரை பாதிக்கும்.

அறுவை சிகிச்சையின்போது நடக்கக்கூடியது இன்னும் கவனிக்க வேண்டியது. இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்திய ஒருவரின் இரைப்பையில், காலையிலும் திட உணவு கிடக்கலாம். மயக்க மருந்தில் இருமல் அனிச்சை அடங்கிவிடும். உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. மறு ஆண்டு வந்த வழிகாட்டல், பலர் தொடரலாம், ஆனால் ஒவ்வொருவரின் ஆபத்தையும் தனியாக எடைபோட வேண்டும் என்றது. எப்படியானாலும் ஊசி போடுவதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கணைய அழற்சி அரிது. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலிகளில் தைராய்டு சி-செல் கட்டிகள் தோன்றின. மனிதரில் அது உறுதிப்படவில்லை என்றாலும், அதே சி-செல்களில் தோன்றும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த மருந்து கொடுப்பதில்லை. சர்க்கரை தாழ்ந்துபோவது, இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ கூடச் சேரும்போதுதான் அதிகம்.

நிறுத்திய பிறகும் மருந்து முழுதாக வெளியேற ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைட்டை விட்டுவிட வேண்டும் என்பது அதனால்தான்.