செக்ரிகேஷன்: வகை பிரித்தலா, தரம் பிரித்தலா?

குப்பையைப் பிரிப்பதற்கு உள்ளாட்சி அலுவலகங்களில் தினமும் புழங்கும் சொல் செக்ரிகேஷன். ஆய்வுக் கூட்டத்தில் ‘உங்கள் வார்டில் சோர்ஸ் செக்ரிகேஷன் எத்தனை சதவீதம்?’ என்று கேட்பார்கள், அதாவது குப்பை உருவாகும் வீட்டிலேயே பிரிப்பது. அதே அலுவலகம் அச்சிடும் துண்டறிக்கையில் அது ‘தரம் பிரித்தல்’ ஆகிவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலுக்கு வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளர் சுருக்கமாக ‘பிரிச்சுப் போடுங்கம்மா’ என்பார். பணியாளர் சொல்வதில் பிழையில்லை. துண்டறிக்கையின் சொல்லில்தான் சிக்கல்.

சொல்லின் வேர் லத்தீன். ‘க்ரெக்ஸ்’ என்றால் மந்தை. ‘சே’ என்ற முன்னொட்டு விலக்குதலைக் குறிக்கும். மந்தையிலிருந்து ஆட்டை ஒதுக்கி நிறுத்துவதே மூலப்பொருள். கட்டட வேலையில் ஜல்லியை அக்ரிகேட் என்கிறார்களே, அதுவும் இந்த மந்தையிலிருந்து வந்ததுதான். அங்கே சேர்ப்பது, இங்கே பிரிப்பது. கான்கிரீட்டில் ஜல்லி அடியில் தங்கி சிமென்ட் பால் மேலே வந்துவிட்டால் பொறியாளர் அதையும் செக்ரிகேஷன் என்பார். பள்ளி உயிரியலில் மெண்டலின் ‘தனித்துப் பிரிதல் விதி’ இதே சொல்லின் தமிழாக்கம். அமெரிக்க வரலாற்றில் வரும்போது நிறத்தின் பேரில் மனிதர்களை ஒதுக்கி வைத்ததைக் குறிக்கும். பிரெஞ்சுக்காரர்கள் குப்பைக்கு இந்தச் சொல்லை எடுப்பதில்லை, ‘த்ரி’ என்கிறார்கள். மருத்துவமனை அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளைப் பிரிக்கும் ‘ட்ரியாஜ்’ அதன் உறவு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

தமிழில் குப்பை என்ற சொல்லுக்கே குவியல் என்றொரு பழைய பொருள் உண்டு. நெல்லைக் குவித்தாலும் குப்பைதான். (மஞ்சக்குப்பத்தின் ‘குப்பம்’ மக்கள் கூடி வாழும் சிற்றூர், அதைக் கழிவோடு முடிச்சுப் போட வேண்டாம்.) பலதும் ஒன்றாகக் குவிந்தபிறகு பிரிப்பது கடினம், குவியுமுன் பிரிப்பது எளிது. திட்டமே இவ்வளவுதான்.

இனி வகையும் தரமும். வகு என்ற வினையிலிருந்து வந்தது வகை. இயல்பால் வேறான பொருள்களைக் கூறுபடுத்துவது. தரம் என்பது ஒரே பொருளுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு. பண்ருட்டியில் முந்திரிப் பருப்பை முழுப் பருப்பு, பாதி, துண்டு என்று பிரிப்பது தரம் பிரித்தல்; முந்திரிக்கொட்டையையும் பலாக்கொட்டையையும் தனித்தனியே போடுவது வகை பிரித்தல். இல்லத்தரசியிடம் நாம் கேட்பது இரண்டாவது வேலையை, ஆனால் முதல் வேலையின் பெயரைச் சொல்லி.

வீட்டில் நடக்க வேண்டியது எளிய வேலை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. தொட்டி நிறத்தில் ஒரு குளறுபடி உண்டு. அந்த விதிகளின் வாசகம் மக்குவதற்குப் பச்சை, மறுசுழற்சிக்கு உரியதற்கு வெள்ளை, மற்றவற்றுக்குக் கறுப்பு என்றது. தூய்மை இந்தியா பிரசாரமோ மக்குவதற்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று பழக்கிவிட்டது. மக்களுக்கு நீலமே பழகியிருப்பதால் அதை மாற்றாமல் விடுவதே நல்லது. இன்னொரு இடறல், அணையாடையும் (நாப்கின்) டயப்பரும். இவற்றை நன்றாகச் சுற்றி மக்காத குப்பைத் தொட்டியில் போடச் சொன்னது அதே விதி. அதனால் மக்காத குப்பையைப் பிரிக்கும் மையத்தில் பணியாளர் கையால் கிளறும் மேசைக்கு அவை வந்து சேர்கின்றன. சிவப்புப் புள்ளியிட்ட காகிதப் பொதியில் தனியாக வாங்கி, வண்டியில் தனிப் பையில் போட்டால் அந்த மேசையில் பாதிச் சண்டை தீரும்.

அபாயக் கழிவை ஏன் தனியே கேட்கிறோம் என்று யாரும் விளக்குவதில்லை. மாநகரக் குப்பையிலிருந்து செய்யும் உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. காய்கறிக் கழிவோடு தேய்ந்த பேட்டரியும் உடைந்த பெயின்ட் டப்பாவும் வந்தால் உரம் ஆய்வில் தோற்றுப்போகும். பிறகு அதைச் சலித்தாலும் பயனில்லை. உலோகம் ஏற்கெனவே உரத்தூளில் கலந்திருக்கும்.

வண்டியில் நடக்கும் தவறு வேறு. தடுப்பு இல்லாத பேட்டரி வண்டியில் இரண்டு வாளியையும் ஒன்றாகக் கவிழ்ப்பதை ஒருமுறை பார்த்த வீடு, மறுநாள் முதல் பிரிக்காது. அதை எந்தத் துண்டறிக்கையாலும் திருத்த முடியாது. எனவே பிரசாரத்துக்கு முன் வண்டிக்குத் தடுப்பு, அதற்கும் முன் இறக்குமிடத்தில் இரண்டு தனி இடங்கள். கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுத் தரும் ஈரக் குப்பையை வாசலிலேயே அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, பையைத் திருப்பித் தர வேண்டும். அவிழ்க்காமல் போனால் உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறும், பையும் உரத்தொட்டிக்குள் போகும்.

தரம் பிரித்தல் என்ற பெயர் பொருந்துவது இதற்குப் பிறகு, மக்காத குப்பையிலிருந்து விற்கக்கூடியதைப் பிரித்தெடுக்கும் பொருள் மீட்பு மையத்தில். பழைய பேப்பர் கடைக்காரரும் காயலான் கடைக்காரரும் ‘தரம்’ என்று சொல்வது இதைத்தான். பிளாஸ்டிக்கையே பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் பெட் பாட்டில். அதிலும் நிறமற்றது தனி, பச்சை தனி. மூடி வேறு பிளாஸ்டிக், அடர்த்தி குறைவு. அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித்துகள் மிதக்கும், பெட் மூழ்கும். பிவிசியும் மூழ்கும். அதனால் தண்ணீர் இவை இரண்டையும் பிரிக்காது. பெட் உருகும் சுமார் 260 டிகிரி சூட்டில் பிவிசி சிதைந்து அமில ஆவி விட்டு, முழுச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். ஆகவே சுருக்கி ஒட்டிய பிவிசி லேபிளை மேசையிலேயே கையால் கிழித்தெடுக்க வேண்டும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் விலை, பால் ஊறிய கவருக்குப் பாதி விலைகூட நிச்சயமில்லை. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை எடுப்பார் யாருமில்லை. அவை எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. கிலோவுக்கு 1500 கிலோ கலோரியோ மேலோ வெப்ப மதிப்புள்ள, மறுசுழற்சிக்கு உதவாத கழிவை மண்ணில் கொட்டக் கூடாது என்றதும் 2016 விதிதான்.

அட்டைப் பெட்டிகளுக்கு இங்கே ஐப்பசி, கார்த்திகை பொல்லாத மாதங்கள். கூரைக்கு வெளியே ஓரிரவு கிடந்த அட்டையை வாங்குபவர் எடையில் ஈரத்துக்கென்று கழித்துக்கொள்வார். துறைமுகப் பக்கம் மீன் செதிலும் குடலும் சேரும் நாளில் உரத்தொட்டியில் காய்ந்த இலை, தென்னை நார்த்தூள் போட்டு மூட வேண்டும். நைட்ரஜன் மிகுந்த கழிவுக்குக் கரிமம் சேராவிட்டால் அம்மோனியா வாடை அடுத்த தெருவுக்கே போகும்.

எனவே அறிக்கைகளில் இரண்டு சொற்களையும் பிரித்து எழுதுவதே சரி. சோர்ஸ் செக்ரிகேஷனுக்கு ‘வீட்டிலேயே வகை பிரித்தல்’. ‘மூலத்தில் பிரித்தல்’ என்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது, மூலம் என்றால் ஊரில் வேறு நோய் நினைவுக்கு வரும். மையத்தில் நடக்கும் சார்ட்டிங்குக்கும் கிரேடிங்குக்கும் ‘தரம் பிரித்தல்’. ஒரு வகைக் குப்பையில் இன்னொரு வகை சேர்ந்துவிடும் கான்டாமினேஷனை ‘மாசு’ என்று எழுதாமல் ‘கலப்பு’ என்று எழுதலாம், ஏனென்றால் அளக்க வேண்டியது கலப்பைத்தான்.

அளக்கும் முறை இது. ஒரு வண்டி ஈரக் குப்பையைத் தரையில் கொட்டி, நன்றாகக் கிளறிக் குவித்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிர் இரண்டு பங்கை நீக்குங்கள். மீதியைத் திரும்பக் கிளறி அதேபோல் பங்கிடுங்கள், சுமார் 100 கிலோ மிஞ்சும்வரை. அதிலுள்ள மக்காததை எடுத்து நிறுங்கள். 100 கிலோவில் 14 கிலோ இருந்தால் கலப்பு 14 சதவீதம். பதிவேட்டில் ‘பிரித்துக் கொடுத்த வீடுகள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கலப்பு’ என்று ஒரு கட்டம் சேர்த்து, வார்டு வாரியாக மாதம் ஒருமுறை இந்த எண்ணை எழுதுங்கள். மழை பெய்த நாளில் எடுத்த எடையை அதில் சேர்க்காதீர்கள்.